கண்ணு மூக்கு வைத்த டிம் சம்: சாப்பாடா, வேடிக்கையா?

மூங்கில்கூடை எழுதியது:

டிம் சம் (தேநீரோடு சாப்பிடுகிற சீனச் சின்னப் பலகாரங்கள்) என்று பேச்சு வந்தால், ஹாங்காங் போய் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வீடியோவைத்தான் காட்டுகிறார்கள். ஆவிக்கூடையைத் திறந்தால் கண்ணும் வாயும் வைத்த வெள்ளை பன் மூன்று உட்கார்ந்திருக்கும். சாப்ஸ்டிக்கால் வாயில் ஒரு குத்து, பக்கவாட்டில் ஒரு அமுக்கு. மஞ்சள் கஸ்டர்ட் வாந்திபோல வழியும். மேசையே சிரிக்கும்.

நானும் சிரித்தவன்தான். 'யம் சா' உணவகத்தில் அந்தக் கஸ்டர்ட் பன், பன்றி முகம் வைத்த சார் சியூ பாவ் (இனிப்பாகச் சுட்ட பன்றிக்கறி வைத்த பன்), கூண்டில் தொங்கும் குருவி வடிவ அன்னாசி பேஸ்ட்ரி மூன்றும் சாப்பிட்டேன். வேடிக்கையை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் சாப்பாடு சாப்பாடாகவே நின்றது. பன்றி பன்னுக்குள் இருந்த கறியில் தேன் வாசம், ஓரத்தில் லேசான கருகல், எல்லாம் சரியாக இருந்தன.

ஆனால் அதே பயணத்தில் இன்னொரு கடை (பெயர் வேண்டாம்). முயல், கரடி, பாண்டா என்று ஒரு விலங்குக் காட்சிசாலையே தட்டில் வந்தது. கடித்தால் மாவு, மறுபடி கடித்தால் மறுபடி மாவு. பூரணம் எங்கோ ஒளிந்திருந்தது. மூன்று உருப்படிக்குச் சாதாரணக் கடையின் ஒன்றரை மடங்கு விலை, மேலே பத்து சதவீத சேவைக் கட்டணம்.

இரண்டும் 'கிரியேட்டிவ் டிம் சம்' என்ற ஒரே பலகையின் கீழ்தான் விற்கிறது. சாப்பிடுவதற்கு முன்னாலேயே இவற்றைப் பிரித்துப் பார்க்க வழி உண்டா? இல்லை, மொத்தமும் படம் எடுக்கிறவர்களுக்கான வியாபாரமா?

---

பழையபஞ்சாங்கம் எழுதியது:

மொத்தமும் படத்துக்குத்தான். டிம் சம் என்பது காலையில் தேநீரோடு ஒன்றிரண்டு கூடை சாப்பிட்டுவிட்டு, செய்தித்தாளை ஒரு பக்கம் விடாமல் படித்துவிட்டு எழுந்து போகிற விஷயம். ஒரு குவளைத் தேநீர், இரண்டு உருப்படி என்பதுதான் கான்டோனியர்களின் (குவாங்சோ, ஹாங்காங் பக்கத்துத் தென்சீனக்காரர்களின்) பழைய கணக்கு. அதில் கார்ட்டூன் எங்கே வந்தது?

ஹா காவ் (மெல்லிய தோலுக்குள் இறால் வைத்து மடித்த கொழுக்கட்டை) ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே இறாலின் இளஞ்சிவப்பு தெரிய வேண்டும். மடிப்பு ஏழுக்குக் குறையக்கூடாது, நல்ல கைக்காரர் பத்துக்கு மேல் வைப்பார். அதுதான் அலங்காரம். அதற்கு மேல் கண் வைப்பது, நகை போட்ட கழுத்தில் பொம்மை மாலை போடுவது.

---

கௌலூன்வாசி எழுதியது:

பஞ்சாங்கம் சார், வணக்கம். வேலை நிமித்தம் இங்கே குடியிருக்கிறவன் என்ற முறையில் ஒரு திருத்தம். உருவம் வைப்பது நேற்று வந்த பழக்கம் இல்லை. வெள்ளை முயல் வடிவ ஹா காவ், தங்கமீன் வடிவ டம்ப்ளிங் எல்லாம் கான்டோனிய சமையலறைகளில் செல்போன் வருவதற்கு ரொம்ப முன்பே உண்டு. உருவ டிம் சம் என்றே அதற்குத் தனி வகை இருக்கிறது. விருந்துகளில் சமையற்காரர் தன் கையைக் காட்டுகிற இடம் அது. சீனாவின் வடக்குப் பக்கம் போனால் சியான் நகரத்தில் டம்ப்ளிங் விருந்தே நடக்கும். வாத்து, மீன், வால்நட் என்று ஒவ்வொரு தட்டும் ஒவ்வொரு உருவத்தில் வரும்.

புதுசு புதுசாகச் செய்வதும் பழைய வழக்கம்தான். 1920களில் குவாங்சோ தேநீர்க்கடைகள் வாராவாரம் டிம் சம் பட்டியலை மாற்றிப் போட்டுக் கூட்டம் பிடித்தன. 'இந்த வாரச் சிறப்பு' என்ற வியாபாரத் தந்திரத்துக்கு நூறு வயது ஆகிறது.

கூண்டில் தொங்கும் குருவி பேஸ்ட்ரியையும் சேர்த்துத்தான் கார்ட்டூன் என்று கேலி செய்கிறீர்கள். பழைய தேநீர்க்கடைகளுக்குத் தாத்தாக்கள் வளர்ப்புப் பறவையைக் கூண்டோடு கொண்டுவந்து தலைக்கு மேலே மாட்டிவிட்டுத்தான் உட்காருவார்கள். அந்தக் காட்சியைத்தான் தட்டில் வைத்திருக்கிறார்கள். தெரிந்தவனுக்கு அது நகைச்சுவை, தெரியாதவனுக்கு வெறும் அழகு. இரண்டு பேருக்கும் நஷ்டம் இல்லை.

---

பழையபஞ்சாங்கம் எழுதியது:

விருந்தில் ஒரு தட்டு உருவம் வருவது வேறு, கடை முழுக்க உருவமாக இருப்பது வேறு. ஆனாலும் கூண்டு விஷயம் ரசிக்கும்படி இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

---

மாவுக்கை எழுதியது:

இந்தத் தொழிலில் சில காலம் இருந்தவன். ஹோட்டல் பெயர் எல்லாம் வேண்டாம். மூங்கில்கூடை கேட்ட கேள்விக்கு அடுப்பங்கரைப் பக்கமிருந்து பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

அந்தக் கஸ்டர்ட் பன்னுக்குப் பெயர் லாவ் சா பாவ். உப்பில் ஊறிய வாத்து முட்டையின் மஞ்சள் கருவை வேகவைத்து மசித்து, வெண்ணெய், சர்க்கரை, பால் பவுடர், கஸ்டர்ட் பவுடர் சேர்ப்பார்கள். கலவையைக் குளிரவைத்து உருண்டை பிடித்து, கல் மாதிரி உறையவைப்பார்கள். அந்தக் கட்டியைத்தான் மாவில் பொதிவது. ஆவியில் மாவு வேகிற அதே நேரத்தில் உள்ளே இருப்பது உருகிக் குழம்பாக வேண்டும். நேரம் குறைந்தால் நடுவில் கட்டி நிற்கும். கூடினால் அடிப்பக்கம் பொத்துக்கொண்டு கூடையிலேயே ஒழுகும். மாவை ஒரு பக்கம் தடிமனாக விட்டால் குத்தினாலும் வழியாது, மெலிசாக விட்டால் குத்துமுன்பே வழிந்துவிடும். வாந்தி எடுக்கிற பன் ஒழுங்காக வாந்தி எடுத்தால் அந்தச் சமையலறையில் கை நன்றாகப் பழகியிருக்கிறது என்று அர்த்தம். அங்கே விளையாட்டே ஒரு பரீட்சை.

முகத்துக்கு வருவோம். பன் மாவு பொங்கி, பிறகு ஆவியில் இன்னும் உப்பும். இப்போது நேராக ஒட்டிய மூக்கு வெந்த பிறகு காது பக்கம் போயிருக்கும். அதனால் கண்ணையும் மூக்கையும் நெருக்கி, சின்னதாக வைக்க வேண்டும், உப்பிய பிறகுதான் முகமாகும். நிறம் சேர்த்த மாவும் வெள்ளை மாவும் ஒரே ஈரப்பதத்தில் இல்லாவிட்டால் ஒட்டிய இடம் வெடிக்கும்.

நிறம் தனித் தலைவலி. ஊதா சர்க்கரைவள்ளிக் கிழங்கை அரைத்துச் சேர்த்தால் அழகான ஊதா வரும் என்று நினைப்பீர்கள். அதே மாவில் காரம் கூடினால், அதாவது பேக்கிங் சோடா மாதிரி ஏதாவது அதிகமானால், நீலமோ பச்சையோ கலந்த சாம்பல் நிறமாக மாறி நிற்கும். கீரைச்சாறு அதிக நேரம் வெந்தால் காக்கி ஆகும். கறுப்புக்கு மூங்கில் கரித்தூளோ கணவாய் மையோ போடுவார்கள். கரித்தூளுக்குச் சுவை கிடையாது, பார்வைக்கு மட்டும்.

சரி, எப்படிப் பிரிப்பது? உருவம் சாப்பிடுகிற வாய்க்கு ஏதாவது செய்கிறதா என்று கேளுங்கள். முள்ளம்பன்றி பன் எடுத்துக்கொள்ளுங்கள். மாவுமேல் கத்தரிக்கோலால் நூற்றுக்கணக்கில் நறுக்கி முள் எழுப்புவார்கள். சில கடைகளில் அதை எண்ணெயில் பொரிப்பார்கள். ஒவ்வொரு முள்ளும் தனித்தனியாக மொறுமொறுவென்று நிற்கும், உள்ளே மெத்தென்று கஸ்டர்ட். அங்கே முள் வெறும் அலங்காரம் இல்லை. துரியன் பூரணம் வைத்த அன்னப்பறவை பேஸ்ட்ரியிலும் இதே கதைதான். கொழுப்பும் மாவும் மாற்றி மாற்றி அடுக்கி, வெட்டி, மிதமான சூட்டு எண்ணெயில் விட்டால் அடுக்குகள் விரியும். அந்த விரிசல்தான் இறகு. யாரும் இறகு வரையவில்லை, பொரித்த முறையிலேயே வந்தது.

பாண்டா முகம் என்ன செய்கிறது? காதுக்கும் மூக்குக்கும் மாவு கூடுகிறது, பூரணத்துக்கு இடம் குறைகிறது. அவ்வளவுதான்.

---

மூங்கில்கூடை எழுதியது:

மாவுக்கை அண்ணே, இதுக்குத்தான் இந்த இழையே ஆரம்பிச்சேன். நன்றி.

---

இரட்டைவால்அம்மா எழுதியது:

எல்லாரும் ரொம்ப சீரியஸா பேசுறீங்க, ஒரு அம்மாவா நான் உள்ள வர்றேன். என் பசங்க ரெண்டு பேரும் ஆவியில வெந்த எதையும் தொட மாட்டாங்க. பன்னுக்கு மூஞ்சி இருந்ததால அன்னிக்கு சண்டை போட்டு சாப்பிட்டாங்க. பன்றி மூஞ்சிக்குள்ள இருந்த கறியும் உள்ள போயிடுச்சு. அந்த பாண்டா காதுக்கு இதைவிட என்ன வேலை வேணும் மாவுக்கை சார்?

ஒரே எச்சரிக்கை: குத்தின உடனே குழந்தை வாயில வைக்க விடாதீங்க. வெளிய பன் ஆறின மாதிரி இருக்கும், உள்ள கொதிக்கும்.

---

மாவுக்கை எழுதியது:

அம்மா சொல்வது முக்கியம். கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த குழம்பு, அதைச் சுற்றி பஞ்சு போன்ற மாவு. சூடு வெளியே போக வழியில்லை. குத்தி வழியவிட்டுக் கொஞ்ச நேரம் விடுங்கள்.

காது விஷயத்தில் தோல்வி எனக்கு. சாப்பிடாத பிள்ளை சாப்பிட்டது என்றால் அதற்கு மேல் வாதம் இல்லை.

---

நியூயார்க்நரி எழுதியது:

ஹாங்காங் மட்டும்தான் உலகமா? நியூயார்க் 'ரெட்ஃபார்ம்' பற்றி யாரும் பேசவில்லையே. எட் ஷோன்ஃபெல்ட் என்ற உணவக முதலாளியும் ஜோ இங் என்ற டிம் சம் சமையற்காரரும் சேர்ந்து வெஸ்ட் வில்லேஜில் ஆரம்பித்தது. அங்கே பேக்-மேன் (பேய்களும் வாய் திறந்த மஞ்சள் உருண்டையும் வரும் பழைய வீடியோ கேம்) டம்ப்ளிங் பிரபலம். நாலு நிறத்தில் நாலு ஹா காவ், கண் வைத்த பேய்களாக வரிசையில் நிற்கும். பின்னாலே சர்க்கரைவள்ளிக் கிழங்கில் வெட்டிய பேக்-மேன் வாயைத் திறந்துகொண்டு துரத்தும். இன்னொன்று, நியூயார்க்கின் பழைய யூத உணவகமான காட்ஸின் பாஸ்ட்ராமி (மசாலா தடவிப் புகையில் வாட்டிய) மாட்டிறைச்சியை வைத்துச் சுருட்டிய எக் ரோல். முதல் அயிட்டத்தில் விளையாட்டு கண்ணுக்கு, இரண்டாவதில் விளையாட்டு பூரணத்துக்குள். எனக்கு இரண்டாவதுதான் பெரிய நகைச்சுவை. அந்த ஊரின் இரண்டு சாப்பாட்டு வரலாறுகளை ஒரே சுருளில் வைத்துவிட்டார்கள்.

லண்டனில் ஆலன் யாவ் 2004இல் திறந்த 'யாவாச்சா'வும் இந்தக் கதையில் வரும். முகமும் கிடையாது, கண்ணும் கிடையாது. மான்கறி வைத்த பஃப் பேஸ்ட்ரி, அழகான தேநீர் அறை, முக்கியமாக ராத்திரியும் டிம் சம். மதியத்தோடு முடிய வேண்டிய சாப்பாட்டை இரவுக்கு இழுத்ததே பெரிய குறும்பு.

---

கௌலூன்வாசி எழுதியது:

நரி சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். ஹாங்காங்கில் பெரிய அலை கிளப்பிய புது டிம் சம் எது என்று கேட்டால் நான் முகம் வைத்த பன்னைச் சொல்ல மாட்டேன். டிம் ஹோ வான் கடையின் சுட்ட சார் சியூ பன்னைச் சொல்வேன். மிஷலின் உணவகக் கையேட்டின் மூன்று நட்சத்திரத்தை அப்போது வைத்திருந்த லுங் கிங் ஹீனில் வேலை பார்த்த மாக் க்வாய் புய், 2009இல் மாங் காக்கில் சின்ன இடத்தில் திறந்தார். அடுத்த மிஷலின் கையேட்டிலேயே ஒரு நட்சத்திரம். ஆவியில் வேகிற பன்னை அடுப்பில் சுட்டு, மேலே அன்னாசி பன்னுக்குப் போடுகிற அந்த இனிப்பு மொறுமொறு ஓட்டைப் போட்டார். (பெயர்தான் அன்னாசி, உள்ளே அன்னாசி இருக்காது.) பார்க்க ஒன்றுமே இல்லை. பழுப்பு நிற உருண்டை. படம் எடுத்தால் லைக் வராது. கடித்தவன் அடுத்த கூடை கேட்பான்.

---

பழையபஞ்சாங்கம் எழுதியது:

இதை, இதைத்தான் நான் ஆரம்பத்தில் சொல்ல வந்தேன். என்னைவிட நீங்கள் நன்றாகச் சொல்கிறீர்கள், அதுதான் எரிச்சல்.

---

சைவப்பட்சி எழுதியது:

என் மாதிரி ஆட்களுக்கு யாராவது வழி சொல்லுங்களேன். கஸ்டர்ட் பன்னில் முட்டை, அது எனக்குப் பரவாயில்லை. கறியும் கொழுப்பும் மட்டும் கூடாது. காளான் மாதிரியே இருக்கிற பன் படம் பார்த்தேன். அதை நம்பிச் சாப்பிடலாமா?

---

கௌலூன்வாசி எழுதியது:

காளான் பன், 'சோஷியல் பிளேஸ்' என்ற ஹாங்காங் உணவகம் வழியாகப் பரவியது. மேலே கோக்கோ பூசி வெடிப்பு விழவைத்து ஷிடாக்கே காளான் போலவே இருக்கும், உள்ளேயும் காளான், ட்ரஃபிள் வாசத்தோடு. உருவமும் பூரணமும் ஒன்று என்பதால் மாவுக்கை பரீட்சையில் பாஸ். ஆனால் 'உள்ளே காய்தான்' என்ற பதிலோடு நிறுத்தாமல் மூன்று கேள்வி கேளுங்கள். சிப்பி சாஸ் உண்டா? கோழித்தூள் உண்டா? மாவில் பன்றிக்கொழுப்பு உண்டா? ஹா காவ் தோல், பஃப் பேஸ்ட்ரி, பன் மாவு மூன்றிலும் பன்றிக்கொழுப்பு சகஜம். காய் டம்ப்ளிங் என்று எழுதியிருக்கும், தோலில் கொழுப்பு இருக்கும். தட்டில் ஆடுகிற முயல் வடிவத் தேங்காய்ப்பால் ஜெல்லியிலும் பெரும்பாலும் ஜெலட்டின், அது விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது.

தலைவலியே வேண்டாம் என்றால் ஹாங்காங் பூங்காவுக்குள், தேநீர்ப் பாத்திர அருங்காட்சியகத்தை ஒட்டி இருக்கும் லாக் சா தேநீர் இல்லம். சைவ டிம் சம், நல்ல தேநீர். குறும்பு எதுவும் கிடையாது, நிம்மதி உண்டு.

ஹலால் பார்க்கிறவர்களுக்கு வான் சாய் இஸ்லாமிய மையத்தின் ஐந்தாவது மாடி கேண்டீன். சியூ மாய் (மேலே திறந்திருக்கும், வழக்கமாகப் பன்றிக்கறி வைத்த கொழுக்கட்டை) பன்றி இல்லாமல் கிடைக்கிற அபூர்வ இடம். மதியம் நேரத்தோடு போங்கள்.

---

சைவப்பட்சி எழுதியது:

கோடி நன்றி. அந்த மூன்று கேள்வியையும் சீனத்தில் எழுதிக் கைப்பேசியில் வைத்துக்கொள்கிறேன்.

---

வெந்தும்வேகாதவன் எழுதியது:

படம் எடுப்பதை ஏன் எல்லோரும் திட்டுகிறீர்கள்? இரண்டு நிமிஷத்தில் என்ன ஆகிவிடும்?

---

மாவுக்கை எழுதியது:

ஹா காவுக்கு நிறைய ஆகிவிடும் தம்பி. அந்தத் தோல் கோதுமை ஸ்டார்ச்சும் மரவள்ளி ஸ்டார்ச்சும் கொதிநீரில் கலந்தது. குளூட்டன் கிடையாது, அதனால் இழுத்தால் நீளாது. எண்ணெய் தடவிய அகலக் கத்தியால் ஒரே அழுத்தில் வட்டமாகத் தேய்ப்பார்கள், பிறகு சேலைக் கொசுவம் வைக்கிற மாதிரி விரலால் மடிப்பு. சூட்டில் கண்ணாடி மாதிரி நெகிழ்ந்திருக்கும். ஆற ஆற ஸ்டார்ச் இறுகும். தோல் விறைத்து, எடுக்கும்போதே கிழியும், இறால் சாறு கூடைத்தாளோடு போய்விடும். எட்டுக் கோணத்தில் படம் எடுத்துவிட்டு 'தோல் ரப்பர் மாதிரி இருந்தது' என்று விமர்சனம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

முகம் வைத்த பன் இன்னும் கொஞ்சம் தாங்கும். அதனால்தான் படக் கடைகள் பன்னையும் ஜெல்லியையும் அதிகம் வைக்கின்றன, ஹா காவைக் குறைக்கின்றன. இது என் ஊகம், ஆனால் பட்டியலைப் பார்த்தால் உங்களுக்கும் தோன்றும்.

---

இரட்டைவால்அம்மா எழுதியது:

அப்ப ஆர்டர் பண்ற வரிசையே முக்கியம்னு சொல்லுங்க. எல்லாத்தையும் ஒரே சீட்டுல டிக் பண்ணினா எல்லாம் ஒரே நேரத்துல வந்து ஆறுது.

---

மாவுக்கை எழுதியது:

சரியாகப் பிடித்தீர்கள். இரண்டு சீட்டாகக் கொடுங்கள். முதல் சீட்டில் மெல்லிய தோல் அயிட்டங்கள்: ஹா காவ், சியூ மாய், அரிசிச் சுருள். அதை முடித்த பிறகு பன்னும் பொரித்ததும். பிள்ளைகள் கத்தினால் ஒரு கஸ்டர்ட் பன் கூடை முதலிலேயே, மற்றது பிறகு. புதுக் கடையை எடைபோட வேண்டுமென்றால் முகம் இல்லாத ஹா காவ் ஒரு கூடை கண்டிப்பாகச் சொல்லுங்கள். அது சரியில்லையென்றால் மற்றதை மாற்றிக்கொள்ள இன்னும் நேரம் இருக்கும்.

---

கௌலூன்வாசி எழுதியது:

தேநீரும் அப்படித்தான். புதுக் கடைகளில் நீலச் சோடா, பழ மாக்டெயில் என்று தள்ளுவார்கள். அந்தக் கஸ்டர்டுக்கும் பொரித்ததுக்கும் போ லேய் (புளிக்கவைத்த கருநிறச் சீனத் தேநீர்) தான் நியாயம், கொழுப்பு நாக்கில் ஒட்டாது. தலைக்கு இவ்வளவு என்று தேநீர்க் கட்டணம் எப்படியும் பில்லில் ஏறும், குடித்துவிடுங்கள். தேநீர்க் கெண்டியின் மூடியைச் சாய்த்து வைத்தால் வெந்நீர் ஊற்றுவார்கள். யாராவது உங்கள் குவளையில் ஊற்றினால் இரண்டு விரலால் மேசையைத் தட்டுங்கள், நன்றி என்று அர்த்தம். படம் எடுக்கிற கடையிலும் இது செல்லும்.

---

பழையபஞ்சாங்கம் எழுதியது:

அடுத்த மாதம் பேரனோடு போகிறேன். அவனுக்காக ஒரே ஒரு வாந்தி பன். எனக்கு அந்த அன்னப்பறவை. மாவுக்கை, அதில் துரியன் வாசம் எவ்வளவு தூரம் வரும்? வீட்டுக்காரிக்கு ஆகாது.

---

மாவுக்கை எழுதியது:

பக்கத்து மேசைவரை வரும் ஐயா. டாரோ (சேப்பங்கிழங்கு வகை) பூரணத்திலும் அன்னம் செய்கிறார்கள், அதைக் கேளுங்கள். வீட்டம்மாவை ஜன்னல் பக்கம் உட்காரவைத்தாலும் துரியன் வேண்டாம்.